மண்டையோட்டின் மேல் மகாலட்சுமி

அக்காவின் கணவர் பாடன் நகரில் வாங்கிய புது வீட்டின் குடிபூரலுக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் பழைய டச்சு ஓவியமொன்றின் பெரிய பிரதி தொங்கியது. தங்கக் கிண்ணம், பாதி உரித்த எலுமிச்சம்பழம், அணைந்த மெழுகுவர்த்தி. மூலையில் மட்டும் ஒரு மகாலட்சுமி ஸ்டிக்கர்.

"உந்த ஸ்டிக்கருக்குப் பின்னால என்ன அத்தான்?" என்று கேட்டேன்.

"மண்டையோடு. நல்ல நாளில சனம் பாத்தா என்ன நினைக்கும்? அதுதான் மறைச்சுப்போட்டன்."

எந்தச் செல்வமும் சாவு வரைக்கும்தான் என்று சொல்லவே அந்த ஓவியர் மண்டையோட்டை வரைந்திருந்தார். அத்தானுக்குக் கிண்ணம் மட்டும் போதும். "ஓவியமெண்டா எனக்கு உயிர்" என்று அளந்தபடி, வந்தவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்திச் செல்பி எடுத்தார்.

நான் வடையைக் கடித்தபடி படத்தைப் பார்த்தேன். அந்தப் படம் முழுவதிலும் அத்தானின் சாயல் இருந்தது அவர் மறைத்த மண்டையோட்டில்தான். வழுவழுவென்று, உள்ளே ஒன்றுமில்லாமல்.