ஆறு மணிக்கு ஒரு நிமிடம்

கனகமணிக்கு நான் செய்த உதவிதான் அவளுக்கு வினையாய் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் நின்று எனக்காக நானே நியாயம் பேச வேண்டியிருக்காது.

கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் றெனோல்ட் நடத்தும் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் நான் இருபது வருடமாகப் பரிமாறுகிறேன். பெயர் நகுலேஸ்வரன். யாழ்ப்பாணத்து ஆள், வாய் கொஞ்சம் நீளம். றெனோல்ட் கியூபெக்காரர். நல்ல மனிதர், ஆனால் எதையும் பாதி கேட்டதுமே மீதியைத் தானே கற்பனை செய்து சந்தோஷப்படுகிற சுபாவம். ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் டொரொன்டோவுக்குப் போய்விட்டார். கடை இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. லாசாலில் நான் இருக்கும் கட்டடத்தின் கீழ்மாடிக்கு அன்டன் என்ற மட்டக்களப்பார் அப்போதுதான் குடிவந்திருந்தார். அவர் மனைவி கனகமணி தாய்லாந்துச் சமையலில் கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டு, போய்க் கூட்டி வந்தேன்.

றெனோல்ட் கேட்ட முதல் கேள்வி, இதையெல்லாம் எங்கே பழகினாய் என்பது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் இடையில் நின்றேன்.

"பாங்கொக்கில மூணு வருசம் ஒரு கடைக் குசினிக்குள்ள இருந்தன் அண்ணன்," என்றாள். "விசா முடிஞ்சி ஒளிச்சிருந்த காலம். அதை இவருக்கிட்டச் சொல்லாதீங்க. பொலிஸ் பிரச்சினை உள்ள ஆள் எண்டு நினைச்சிருவார்."

நான் சொல்லவில்லை. மூன்று வருடம் தாய்லாந்து முழுக்கச் சுற்றுலாப் போய், ஊர் ஊராகச் சமையல் பழகியவர் என்று பிரெஞ்சில் அடித்துவிட்டேன். றெனோல்டின் கண்கள் அகன்றன. அன்று மத்தியானமே அவள் அடுப்படியில் நின்றாள். எனக்கு அப்போது என் கெட்டித்தனத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். என் கணக்கு ஒன்பதோடு நிற்கவில்லை. றெனோல்ட் சாப்பாட்டுப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே 'மூன்று ஆண்டுகள் தாய்லாந்தைச் சுற்றிய எங்கள் சமையல்காரி' என்று அச்சடித்தார். வந்தவர்கள் அவளைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து நிற்பாள். நான் நூலகத்தில் எடுத்த பயணப் புத்தகத்தில் இருந்து அவளை யானையில் ஏற்றினேன், தீவுக்கு அனுப்பினேன், மிதக்கும் சந்தையில் வள்ளத்தில் இருத்தி மாம்பழம் வாங்க வைத்தேன். அவள் தலையாட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

உண்மையை அவள் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். மூன்று மணிக்குக் கடை ஓய்ந்ததும் இருவரும் குசினியில் இருந்து சின்ன வெங்காயம் உரிப்போம். கை வேலையாக இருக்கும்போது அவளுக்கு வாய் திறக்கும்.

யுத்தம் முடிந்த மறுவருடம் சுற்றுலா விசாவில் பாங்கொக்குக்குப் போயிருக்கிறார்கள். ஐ.நா.வில் அகதிகளாகப் பதிந்து ஓர் அட்டை எடுத்தார்கள். அந்த அட்டையைத் தெருவில் நிற்கும் பொலிஸ்காரன் மதிக்க மாட்டான். மூன்றாம் மாதம் விசா முடிந்தது. நான்காம் மாதம் பால் வாங்கப் போன அன்டனைப் பிடித்துத் தடுப்பு முகாமில் போட்டார்கள். பார்க்கப் போவதென்றால் வாசலில் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். காட்டினால் இவளும் உள்ளே. கனடா இருவரையும் ஏற்றுக்கொள்ளும்வரை, கணவனை மூன்று வருடம் அவள் கண்ணால் காணவில்லை.

அவள் இருந்த அறைக்குக் கீழே நோய் என்ற ஒரு மனுசி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். எல்லோரும் அவளைப் பா நோய் என்பார்கள். பா என்றால் அவர்கள் பேச்சில் பெரியம்மா. அந்தப் பெரியம்மாதான் இவளைக் குசினிக்குள் எடுத்துச் சமையல் பழக்கினாள். கிழமைக்கு ஒருதரம் தன் அடையாள அட்டையைக் காட்டி அன்டனுக்குச் சோறும் கொண்டு போனாள். இவள் செய்த வேலை, உரலில் பப்பாசிக்காயும் கொச்சி மிளகாயும் இடிப்பது. தெருவில் பொலிஸைக் கண்டால் பா நோய் முன்னால் இருந்து இருமுவாள். உடனே இவள் இடியை நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும். உரல் சத்தம் கேட்டால் எல்லாம் சுகம். நின்றுவிட்டால் அவள் ஒளிந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"வந்த ஆக்களைப் பாயோடு ஒட்ட வைக்கிற ஊர்க்காரி நீ. உன்னைக் கொண்டுபோய்ச் சுவரோடை ஒட்ட வைச்சிட்டாங்கள்," என்று ஒருநாள் பகிடி விட்டேன். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவரைத் திரும்பவிடமாட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அவள் சிரித்தாள்.

"அப்ப அந்த நாட்டிலை நீ ஒண்டையுமே பாக்கேல்லையா?" என்று கேட்டேன்.

"பார்த்தன் அண்ணன். ஆறு மணிக்குப் பார்த்தன்."

காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் அந்த நாட்டில் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போகும். சந்தையிலும் தெருவிலும் நடந்து போகிறவர்கள் போன இடத்திலேயே நின்றுவிடுவார்கள். பழம் வெட்டுகிறவள் கத்தியோடு நிற்பாள். பள்ளிப் பிள்ளை ஐஸ் பழத்தோடு நிற்கும். பொலிஸ்காரனும் நிற்பான், அவன் அசையவே கூடாது. அந்த ஒரு நிமிடம் மட்டும் கனகமணி குசினியின் பின்கதவைச் சாண் அளவு திறந்து ஒழுங்கையைப் பார்ப்பாள். பாட்டு முடிவதற்கு முதலே கதவைச் சாத்திவிடுவாள்.

"ஒரு நாளைக்கு ஒரு நிமிசம். மூணு வருசத்தையும் அன்டன் கூட்டிப் பார்த்துச் சொன்னவர், மொத்தம் பதினெட்டு மணித்தியாலமாம். நான் தாய்லாந்து பார்த்தது அவ்வளவுதான்."

போன சித்திரையில் றெனோல்ட் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி ஒரு கேக் வெட்டினார். கார்த்திகை மாதம் வாடிக்கையாளர் பன்னிரண்டு பேரைத் தாய்லாந்துக்குப் பத்து நாள் கூட்டிப் போகிறாராம். வழிகாட்டி வேறு யார், கனகமணிதான். ஒன்பது வருட உழைப்புக்கு நன்றியாக அவளுக்கு டிக்கெட் தன் செலவு என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையில் கேக் தட்டோடு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அண்ணன், எனக்குப் போக ஏலா," என்று குசினிக்குள் வந்து சொன்னாள். "வெளிக்கிடக்குள்ள பத்து விரலையும் பதிஞ்சவனுகள். பாஸ்போர்ட்டில சிவப்பு முத்திரை குத்தினவனுகள், திரும்பி வரக்கூடாதெண்டு. எத்தனை வருசத்துக்கெண்டு எனக்கு வாசிக்கத் தெரியல்ல. இப்ப கனடாப் பாஸ்போர்ட் இருந்தாலும் விரல் மாறுமா? மறுகா என்னையும் உள்ளுக்குப் போட்டா?"

"நான் பாத்துக்கொள்ளுறன் பிள்ளை," என்றேன்.

கோடை முழுக்கப் பார்த்தேன். விமானம் என்றால் அவளுக்குப் பயம் என்றேன். மூன்று வருடம் ஊர் சுற்றியவளுக்கா என்று றெனோல்ட் சிரித்தார். அந்த நாட்டு வெயில் அவளுக்கு ஒத்துவராது என்றேன். தீவில் ஒரு மாதம் இருந்தவள்தானே என்றார். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுவாள் என்றேன். மிதக்கும் சந்தையில் விலை பேசிச் சண்டை போட்ட கதையை எனக்கே திருப்பிச் சொன்னார். நான் தள்ளிப் பார்த்த கதவெல்லாம் நானே வெளியில் நின்று பூட்டியவை. உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் அவள் வேலையும் போகும், என் வேலையும் போகும் என்று பயந்தேன். என் வேலையை நினைத்துத்தான் கூடப் பயந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

அன்டனிடம் போனேன். அவர் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, "நான் அந்த நாட்டைக் கம்பிக்குப் பின்னால நிண்டு பார்த்தவன், இவ கதவுக்குப் பின்னால நிண்டு பார்த்தவ. ரெண்டு பேருக்கும் பார்த்தது போதும்," என்றார்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பயணம் போகிறவர்களைக் கடைக்கு அழைத்து றெனோல்ட் விருந்து வைத்தார். கனகமணியை நடுவில் கதிரை போட்டு இருத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். எலிசா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டார், "தாய்லாந்தில் நீங்கள் கண்டதில் மிக அழகானது எது?"

நான் கடற்கரைக் கதையை எடுக்க வாயைத் திறந்தேன்.

"நில்லுங்க அண்ணன்," என்றாள் கனகமணி. ஒன்பது வருடத்தில் அவளுக்கும் பிரெஞ்சு காதில் ஏறியிருந்தது. எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று. "இந்த முறை நான் சொல்லுறத மட்டும் சொல்லுங்க."

பின்கதவையும் ஆறு மணியையும் ஐஸ் பழத்தோடு நின்ற பிள்ளையையும் சொன்னாள். ஒளிந்திருந்ததையும் சொன்னாள். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னேன். எலிசா கண்ணைத் துடைத்தார். சரி, தப்பினாள் என்று நினைத்தேன். இதைக் கேட்ட பிறகும் அவளை யாராவது கூப்பிடுவார்களா?

றெனோல்ட் எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "அந்தக் கதவுக்கே போவோம்," என்றார். "நான்காம் நாள், ஆறு மணிக்கு, நாங்கள் எல்லோரும் உங்களோடு அங்கே நிற்போம்." பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். ஒருவர் கைத்தொலைபேசியில் அதைக் குறித்தும் கொண்டார்.

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. "எனக்கு வேலை கிடக்கு அண்ணன்," என்று எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உரல் சத்தம் கேட்டது. வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று றெனோல்ட் குசினிக் கதவை எப்போதும் திறந்தே வைப்பார். எல்லோரும் பயணத் திகதிகளைப் பேசத் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு இடி இருக்கும். சத்தம் நின்றது.

வேறு எவருக்கும் அது காதில் விழுந்திருக்காது. நான் உள்ளே ஓடினேன். குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், உலக்கையை நெஞ்சோடு அணைத்தபடி, மூச்சுச் சத்தமும் வராமல் நின்றிருந்தாள். கூப்பிட்டேன். வெளியே வரவில்லை. இந்தக் கடையை அவளுக்கு இன்னொரு ஒளிப்பிடமாக்கியவன் நான்தான் என்று அந்த இடத்தில் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து றெனோல்டைக் கடை வாசலுக்குக் கூட்டிப் போனேன். அவள் வரமாட்டாள் என்றேன். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, என்னிடம் முதல்நாளே உண்மையைச் சொன்னாள், பொய்யெல்லாம் என்னுடையது என்றேன்.

"யானை?" என்று கேட்டார்.

"நான் சொன்னது."

"தீவு?"

"அதுவும் நான்தான்."

வாசலில் ஒட்டியிருந்த சாப்பாட்டுப் பட்டியலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கனகமணி இங்கேயே இருக்கட்டும். பட்டியலின் முதல் பக்கத்தை மாற்றுகிறேன்," என்றார். "ஆனால் பன்னிரண்டு பேருக்கும் வழிகாட்டி வேண்டும். கதை எல்லாம் தெரிந்தவன் நீதான். நீ வருகிறாய்." அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை.

இப்படித்தான் தாய்லாந்தை ஒருநாளும் காணாத நான் வழிகாட்டியாகப் போனேன். யானையைக் கிட்டத்தில் கண்டதும் முதலில் பின்வாங்கியவன் நானே. மாம்பழத்தையும் ஏமாந்து கூடிய விலைக்கு வாங்கினேன். நான்காம் நாள் ஆட்களைப் பெரிய சந்தை ஒன்றில் இறக்கிவிட்டேன். கதவு இருந்த இடத்தை இடித்துவிட்டார்களாம் என்று றெனோல்டிடம் கடைசியாக ஒரு பொய் சொல்லிவிட்டு, தனியே அந்த ஒழுங்கைக்குப் போனேன். கனகமணி பில் துண்டின் பின்புறத்தில் வழி கீறித் தந்திருந்தாள்.

கடை இருந்தது. பா நோய் காலமாகிவிட்டாள், மகள் நடத்துகிறாள். ஆறு மணிக்குப் பாட்டுத் தொடங்கியது. எல்லோரும் நின்றார்கள், நானும் நின்றேன். பத்தடி தள்ளி ஒரு பொலிஸ்காரன் கையைக் கீழே விட்டு நிமிர்ந்து நின்றான். அப்போது கடையின் பின்கதவு சாண் அளவு திறந்தது. தலையில் துணி கட்டிய ஒரு பெண். எந்த நாட்டுக்காரியோ தெரியாது. இருபது இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்க்கவில்லை; தெருவை, சனத்தை, மேலே வானத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாட்டு முடிய முதல் கதவைச் சாத்தினாள். உள்ளே உரல் சத்தம் தொடங்கியது.

திரும்பி வந்து வேலைக்குப் போன முதல்நாள் கனகமணி பப்பாசிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். பா நோய் செத்ததைச் சொன்னேன். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். திரும்பவும் சீவியபடி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தக் கதவு திறந்துச்சா அண்ணன்?"

ஒன்பது வருடம் அவளுக்காக ஊருக்கெல்லாம் பொய் சொன்னவன் நான். அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"இல்லைப் பிள்ளை. பலகை அடிச்சு மூடிட்டினம். இப்ப அதுக்குள்ளை ஒருத்தரும் இல்லை."

"நல்லம்," என்றாள். "நல்ல விசயம்."

உலக்கையை எடுத்து இடிக்கத் தொடங்கினாள். நான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று முழுக்க, அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று காதைக் கொடுத்தபடியே பரிமாறினேன்.