எண்ணெய் கேட்ட கிருமி

ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் வேலை செய்தவள் நான். பிழை என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்ன நாட்கள் குறைவு. அவற்றில் மிகவும் சந்தோஷமான நாளைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

குறைமாதக் குழந்தைகளின் வார்ட்டிலிருந்து ஒரு பிளட் கல்ச்சர் போத்தல் வந்திருந்தது. உடுவில் பெண்ணொருத்தியின் முதற் பிள்ளை, தொள்ளாயிரம் கிராம். போத்தலில் ஏதோ வளர்கிறது என்று மெஷின் காட்டியது. ஒரு துளியை ஸ்லைட்டில் சாயமேற்றிப் பார்த்தேன். பக்டீரியா இல்லை, ஈஸ்ட் என்ற பூஞ்சை. இரத்தத்தில் பங்கசு! உடனே வார்ட்டுக்கு அறிவித்தேன், மருந்தும் தொடங்கினார்கள்.

வில்லங்கம் பிறகுதான் வந்தது. மூன்று நாளாகியும், போத்தலின் துளியைப் பரப்பி வளர்க்க வைத்த என் பிளேட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. வார்ட்டு டொக்டர் போன் எடுத்தார்.

"மிஸ், மெய்யாவே பங்கசுதானோ, இல்லாட்டித் தோலிலை இருந்து போத்தலுக்கை வந்ததோ? இந்த மருந்து கிட்னியைப் பதம் பாக்கும். வீணாக் குடுக்கேலாது."

போத்தலில் வெளிக்கிருமி பட்டிருக்கிறது என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். நானே ஊற்றிய பிளேட்டுகள் பொய் சொல்லுமா என்ற மிதப்பு எனக்கு. எங்கள் நுண்ணுயிரியல் டொக்டர் பின்னால் வந்து நின்றார்.

"ஸ்லைட்டிலை கண்டனீர்தானே? பிள்ளைக்கு நாளத்தாலை கொழுப்பு ஏறுதோ?"

"தெரியாது டொக்டர்."

"கேளும்."

கேட்டேன். ஏறுகிறது என்றார்கள். பால் குடிக்க முடியாத பிள்ளைக்கு நாளத்தில் போட்ட லைன் வழியாகத்தான் சாப்பாடு.

டொக்டர் சிரித்தார். "அப்ப உந்தக் கிருமியாருக்கு எண்ணெய் இல்லாமல் சாப்பாடு இறங்காது. உம்மடை பிளேட்டிலை எண்ணெய் எங்கை?"

"பிழை என்ரைதான் டொக்டர்," என்றேன். கொழுப்பில்லாமல் வளராத அந்த அபூர்வ ஈஸ்ட்டை நான் புத்தகத்தில் மட்டுமே அறிந்திருந்தேன். டொக்டர் வார்ட்டுக்குப் போன் எடுத்து, மருந்தைத் தொடரவும், கொழுப்பை நிறுத்தவும், லைனைக் கழற்றவும் சொன்னார். நான் உதவியாளர் அன்ரனி அண்ணையைக் கடைக்கு அனுப்பினேன். குருநகர்க்காரர், வாய் சும்மா இராது.

"ஒலிவ் எண்ணெயோ? நல்லெண்ணெய் காணாதோ மிஸ்? என்ன பொரிக்கப் போறியள்?"

எண்ணெயை ஓவனில் கிருமி நீக்கி, ஆறவிட்டு, புதிய பிளேட்டில் மெல்லிதாகப் பரப்பி, அதன்மேல் போத்தலின் துளியை இட்டேன். அன்றிலிருந்து தினமும் வார்ட்டுக் கண்ணாடியால் பிள்ளையையும் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை பிளேட்டில் வெண்ணெய் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள்! நான் கத்திய கத்தலில் அன்ரனி அண்ணை ஓடிவந்தார்.

"ஆள் வந்திட்டார்!" என்று கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அடுத்தடுத்து வந்த போத்தல்கள் சுத்தமாக இருந்தன. பிள்ளை பால் குடிக்கத் தொடங்கினான்.

வீட்டுக்குப் போகிற நாளில் தாய் அவனை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தாள்.

"நீங்கள்தானே மிஸ் இவனை எட்டி எட்டிப் பாத்தனீங்கள்? கையிலை வாங்குங்கோ."

இரண்டு தரம் கை கழுவிவிட்டு வாங்கினேன். என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். போத்தல் கைக்கு வந்ததும் வார்ட்டுக்குப் போன் எடுங்கள். பிள்ளைக்கு என்ன ஏறுகிறது, எதன் வழியாக ஏறுகிறது என்று கேளுங்கள். அதைக் கேட்க நான் மூன்று நாள் பிந்தினேன். அவன் எனக்காகப் பொறுத்திருந்தான்.