செவலைக்கும் எனக்கும் ஒரே ஆணி

சாயத்தண்ணீரில் (பாலில்லாத தேநீர்) நனைத்த பாண் துண்டை வாயில் வைக்கப் போனேன். வாய் பாதிதான் திறந்தது.

தாடையைத் தடவிக்கொண்டே மறுபடி முயன்றேன். வலி இல்லை. கதவின் கீல் துருப்பிடித்து நின்றுவிட்டது போல ஒரு தடை மட்டும். என் மனைவி பாக்கியம் பார்த்துவிட்டு, "ராத்திரி பனியில படுத்தீங்க, வாயு புடிச்சிருக்கும்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மத்தியானத்துக்குள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வயிறு பலகை போல் ஆகியிருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. இத்தனை வருடமாகியும் அது என்னை முழுதாக விட்டுப் போகவில்லை.

இதே நோயில் கிடப்பவர்களுக்கும், அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பாண் விற்பது அப்போது என் தொழில். தலவாக்கலை பேக்கரியில் பாணும் பணிசும் (ரொட்டியும் பன்னும்) வாங்கி, குதிரையின் இரு பக்கமும் தகரப் பெட்டிகளில் ஏற்றி, லயம் லயமாகத் தொழிலாளர் வீடுகளுக்குப் போவேன். குதிரையின் பெயர் செவலை. செம்பட்டை நிறப் பெண் குதிரை.

என் அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் குதிரைக்காரராக இருந்தார். செவலை பிறந்தபோது வைக்கோலால் அதன் உடம்பைத் துடைத்தவன் நான். சுதந்திரம் வந்த பிறகு துரை சீமைக்குக் கிளம்பினார். தன் குதிரைகள் யார் கையிலோ அடிபட்டுச் சாக வேண்டாம் என்று எல்லாவற்றையும் சுட்டுவிடச் சொன்னார். முதல் இரண்டும் விழுந்த சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். துரை கையைக் காட்டிச் சுடுவதை நிறுத்தினார். பிறகு, "வண்டியில் பூட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்படித்தான் அது எனக்குச் சொந்தமானது.

ஒரே ஒரு தொந்தரவு. அதைத் தேய்த்துவிடும்போதெல்லாம் எனக்குக் கண் சிவக்கும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், சில நாள் நெஞ்சில் விசில் அடிக்கும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். "செவலையைத் தொட்டா சளி, தொடாட்டி சோறு எறங்காது" என்று பாக்கியம் கேலி செய்வாள்.

வாய் பூட்டிக்கொள்வதற்குச் சில நாள் முன்பு, மழையில், லயத்துக் கூரையிலிருந்து கழன்று கிடந்த தகர ஆணி ஒன்று செவலையின் குளம்பில் ஏறிவிட்டது. காலைத் தூக்கி மடியில் வைத்துக் குறட்டால் இழுத்தேன். அது காலை உதறியது. ஆணி வெளியே வந்த வேகத்தில் என் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியது. செவலையின் குளம்பை உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, மஞ்சள் அப்பி, சாக்குத் துணியால் கட்டினேன். என் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா என் தாடையை ஒரு தடவை தொட்டார். கையைத் திருப்பிப் பார்த்தார். "பாக்கியம், பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே" என்றார். தொழிற்சாலை லொறியில் சாக்குகளின் மேல் படுக்க வைத்தார்கள். ஒரு வளைவில் சாரதி ஹோர்ன் அடித்தார். அந்தச் சத்தம் என் முதுகெலும்புக்குள் இறங்கி, உடம்பை வில்லாக வளைத்துத் தூக்கியது. தலையும் குதிகாலும் மட்டும் சாக்கில் இருந்தன. நினைவு தப்பவில்லை. இந்த நோயின் கொடுமையே அதுதான். எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நடு வயது, தாழ்ந்த குரல். பார்த்ததும் நோயின் பெயரைச் சொன்னார். ஏற்பு வலி (டெட்டனஸ்; மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி காயத்தின் வழியாகப் புகுந்து, அதன் நஞ்சால் தசைகளை இறுக்கும் நோய்). ஊசி மருந்தை எடுத்தவர், ஏதோ நினைத்து நிறுத்தினார்.

"இவர் என்ன வேலை?"

"குதிரையில பாண் கொண்டு போறவருங்க."

"குதிரைக்குக் கிட்டப் போனா தும்மல், மூச்சிழுப்பு ஏதும் வாறதோ?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். எந்தப் பதில் என்னைக் காப்பாற்றும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"வருங்க," என்றாள். "சின்ன வயசிலேருந்தே வருமாம்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"அம்மா, இந்த மருந்து குதிரையின்ட ரத்தத்தில இருந்து எடுக்கிறது. இவருக்கு அது ஒத்துக்கொள்ளாட்டி மூச்சடைச்சுப் போகலாம். போடாம விட்டா இந்த வருத்தமே ஆளைக் கொண்டுபோயிடும். ரெண்டு பக்கமும் பயந்தான். நான் போடத்தான் நினைக்கிறன்."

பாக்கியம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள். "எங்க குதிரை ரத்தத்துலேருந்து எடுக்க முடியாதுங்களா ஐயா? அது அவருக்குப் பழகின குதிரைங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏலாது அம்மா. அதுகள் இதுக்கெண்டே வளர்க்கிற குதிரைகள். இந்த நஞ்சைக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கித்தான் ரத்தம் எடுக்கிறது. பழக்காமக் குடுத்தா அதுகளும் செத்துப்போம்."

அந்த வார்த்தை எனக்குள் எங்கோ தைத்தது. என்ன என்று யோசிப்பதற்குள் மருந்து தொடங்கிவிட்டது.

முதலில் தோலுக்கடியில் ஒரு துளி. அந்த இடம் உடனே தடித்தது. அடுத்து, இன்னும் நீர்க்கக் கலக்கி இன்னொரு துளி. கண் அரித்தது, தொண்டைக்குள் யாரோ துணியை அடைத்தது போல இருந்தது. பல்லைத் திறக்க முடியாதவனுக்கு மூச்சும் அடைத்தால் எப்படி இருக்கும் என்று என்னால் எழுத முடியாது. டாக்டர் தயாராக வைத்திருந்த அட்ரினலின் (அடைத்த மூச்சைத் திறந்து இதயத்தை உந்தும் மருந்து) ஊசியைப் போட்டார். நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு வந்தது. காத்திருந்து, மறுபடி ஒரு துளி. வெளிச்சம் மங்கும் வரை அப்படியே ஏற்றினார்கள்.

ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் நடுவில்தான் தைத்தது என்ன என்று புரிந்தது. பழக்காத குதிரை செத்துப்போகும். அந்த ஆணி என் கையில் ஏறுவதற்கு முன்னால் செவலையின் குளம்பில் இருந்தது.

என்னைத் தனி அறையில் போட்டார்கள். சன்னலில் கறுப்புத் துணி. காதில் பஞ்சு. மூக்கு வழியாக ஒரு குழாய், அதில் பாலும் மருந்தும். யாரும் பேசக் கூடாது, தொடக் கூடாது என்று உத்தரவு. கரண்டி விழுந்தால் போதும், உடம்பு வில்லாகும். சிங்கள மிஸ்ஸி (தாதி) சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வருவார். என் காதருகே குனிந்து, "பய வென்ன எப்பா" என்பார். பயப்படாதே என்று அர்த்தம். அந்தக் குரல் ஒன்றுக்குத்தான் என் உடம்பு வளையாது.

வலிப்பு வந்து போவதைவிட, அடுத்தது எப்போது என்று காத்திருப்பதுதான் பயங்கரம். தூரத்தில் ரயில் ஊதினால், அது இந்த அறையை எட்டுவதற்குள் எத்தனை மூச்சு விடலாம் என்று பார்ப்பேன். காகம் கரையும் முன்பே தசைகள் தயாராகிவிடும்.

இதற்கு நடுவில் நான் பாக்கியத்திடம் பேசியாக வேண்டும்.

அவள் உள்ளே வந்ததும் பல்லிடுக்கில், "செவ..." என்றேன். "அது நல்லா இருக்கு, பேசாதீங்க" என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். மறுபடி முயன்றேன். அந்த முயற்சியே வலிப்பைக் கொண்டுவந்தது. தொண்டை மூடிக்கொண்டது. அறை கறுத்தது. மிஸ்ஸி ஓடிவந்ததும், பாக்கியத்தை வெளியே தள்ளியதும் தெரிந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் எதுவும் தெரியவில்லை.

மறுநாளும் அவளை உள்ளே விட்டார்கள். வாயை நம்பிப் பயனில்லை. மருந்தின் மயக்கத்தில் உடம்பு சற்று இளகியிருந்தது. அவள் கையைப் பிடித்தேன். அவள் கட்டைவிரலுக்குக் கீழே, எனக்கு ஆணி ஏறிய இடத்தில், நகத்தால் அழுத்தினேன். பிறகு அவள் கையை இழுத்து, என் காலைக் காட்டினேன். அவள் போர்வையை விலக்கி என் காலைப் பார்த்தாள். காலில் ஒன்றுமில்லை. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் காலைக் காட்டினேன். வியர்த்து ஊற்றியது. முதுகு இழுக்கத் தொடங்குவது தெரிந்தது.

அவள் முகம் மாறியது.

"அதுக்குமா?" என்றாள், காற்றாக.

கண்ணை மூடித் திறந்தேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதன் பிறகு செவலையைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் நெஞ்சைக் குலுக்கும், சொல்லக் கூடாது என்று டாக்டர் தடுத்திருந்தார். எனக்கு அது தெரியாது. பாக்கியத்தின் முகத்தைப் படிக்க முயன்றபடியே கிடந்தேன். அமைதியாக இருந்தால் மறைக்கிறாள் என்று தோன்றும். கண் சிவந்திருந்தால் முடிந்துவிட்டது என்று தோன்றும். அதை எங்கே புதைத்திருப்பார்கள் என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டேன்.

வலிப்புகள் குறையத் தொடங்கிய நேரத்தில் உடம்பெங்கும் தடிப்பு எழும்பியது. மூட்டுகள் வீங்கின, காய்ச்சல் அடித்தது. நோய் திரும்பிவிட்டது என்று நடுங்கினேன். "இல்லை, இது மருந்தின்ட கோபம்" என்றார் டாக்டர். சீரக் காய்ச்சல் (வேற்று உயிரின் சீரம், அதாவது இரத்தநீர், ஏறியதால் சில நாள் கழித்து வரும் எதிர்ப்பு). அதுவும் மெல்ல அடங்கியது.

ஒரு விரல் நுழையும் அளவு வாய் திறந்த அன்று பாக்கியத்தின் தம்பி மருதமுத்துவை உள்ளே விட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. குதிரை என்றாலே பத்தடி தள்ளி நிற்பவன். செவலை ஒருமுறை அவனை உதைத்திருக்கிறது.

"மச்சான், உயிரோட இருக்கு" என்றான், உட்காருவதற்கு முன்பே.

நான் அழுதேன். அழும்போது தாடை வலித்தது.

பாக்கியம் சொல்லி அனுப்பிய அன்றே அவன் செவலையிடம் போயிருக்கிறான். கழுத்து மரமாகி, வாலைத் தூக்கியபடி நின்றதாம். கண்ணின் மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல் அடிக்கடி குறுக்கே வந்து போனதாம். கயிற்றைப் பிடித்தால் நடுங்கியதே தவிர நகரவில்லை.

"ஒங்க கம்பளியப் போத்திக்கிட்டேன் மச்சான். ஒங்க கோட்டையும் மாட்டிக்கிட்டேன். அப்பறந்தான் மோந்து பாத்துட்டு ஒரு அடி வச்சிச்சு."

அப்படியே நுவரெலியா வரை நடத்திக்கொண்டு போயிருக்கிறான். பஸ் வரும் சத்தம் கேட்டால் பாதையை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் நிறுத்தி, அதன் காதுகளை இரு கையாலும் பொத்திக்கொள்வானாம். பந்தயக் குதிரைகளைப் பார்க்கும் மிருக வைத்தியர் அதற்கும் அதே மருந்தைப் போட்டு, இருட்டுக் கொட்டிலில் கட்டி வைத்தார். மருதமுத்து அங்கேயே வைக்கோலில் படுத்திருக்கிறான்.

"ஒனக்குப் பயமா இல்லியா?" என்று பல்லிடுக்கில் கேட்டேன்.

"இருந்திச்சு மச்சான். அது அதைவிடப் பயந்துகிட்டு இருந்திச்சு."

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். "உமக்குள்ள இப்ப நிறையக் குதிரை மருந்து போயிருக்கு. இனி உம்முடைய உடம்பு குதிரையைச் சும்மா விடாது. கிட்டப் போகாதையும். இன்னொருக்கா இந்த ஊசி போடவும் விடாதையும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் இதைச் சொல்ல வேணும்."

நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

செவலை வந்து சேர்ந்தபோது விலா எலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு, விறைத்த கால்களை ஊன்றி ஊன்றி வந்தது. நெற்றியை என் நெஞ்சில் வைத்தது. நான் அதன் காதுகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்தேன். தும்மல்கூட வரவில்லை. நேராக மூச்சு நின்றது. பாக்கியமும் மருதமுத்துவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். வாசலில் கிடந்து மூச்சுக்குப் போராடும்போது, அது என்னிடம் வரப் பார்ப்பதும் மருதமுத்து அதைத் தடுத்து நிறுத்துவதும் தெரிந்தது. அதற்கு யாரால் விளங்கப்படுத்த முடியும்?

அன்றிலிருந்து மருதமுத்துதான் அதைக் கழுவுகிறான், தேய்க்கிறான். என் கம்பளி இப்போது அவனுடையது. நான் லயத்து முனையில் சின்னப் பாண் கடை போட்டுக்கொண்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் செவலை மேயும். இந்தப் பக்கம், காற்று என்னிடமிருந்து அதன் பக்கம் வீசும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். என் வாடை அதற்குப் போகும். அதன் வாடை எனக்கு வரக் கூடாது.

என்னைப் போன்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். சின்னக் காயம் என்று சட்டையில் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். உடம்பின் சிறு தொந்தரவுகளையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டிலில் கிடப்பவர் விடாமல் எதையோ காட்டினால், காய்ச்சல் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

நோய் போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் என் உடம்பு இன்னும் சத்தத்துக்கு ஒரு கணம் முன்னால்தான் வாழ்கிறது. மற்றவர்களுக்கு நேரம் ஓடுகிறது. எனக்கு அது ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் நின்று காது கொடுக்கிறது.

போன மாதம் மேல் ரோட்டில் ஒரு லொறியின் டயர் வெடித்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இறுகிப்போனேன். கழுத்து, தாடை, முதுகு எல்லாம். ஓடைக்கு அந்தப் பக்கம் செவலையும் அப்படியே நின்றது, வால் தூக்கி, நாலு காலும் மரமாக. ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தோம். சுற்றிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். நாங்கள் இருவரும் மட்டும் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. வெகுநேரம் கழித்துச் செவலை மெல்லத் தலையைத் தாழ்த்தி ஒரு வாய் புல்லைக் கடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் தாடை இளகியது.