திறந்து வைத்த பேனட்

அவினாசி ரோட்டு அரங்கில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு டிரோன் விடுகிறவர் வந்திருந்தார், ரீல்ஸ் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள், போட்டோ எடுத்துக்கொள்ளப் பட்டுப்புடவையில் ஒரு புதுப்பெண்ணும் வந்திருந்தாள். வருஷா வருஷம் வரும் கார்க்காரர்களில் பலர் வரவில்லை. காரை நிறுத்தும் கட்டணம் கட்டுப்படியாகவில்லையாம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் மட்டும் தன் கருப்பு அம்பாசடரைத் தானே ஓட்டி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஸ்பேனர். வந்ததும் பேனட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் நான். விழா நடத்தும் அந்தக் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. "போட்டோவுக்கு அசிங்கமா இருக்கு, மூடச் சொல்லு" என்றார் மேனேஜர்.

"ஏனுங்க, பேனட்டை மூடச் சொல்றாங்க" என்றேன் அவரிடம்.

"மூடிப்போட்டா எங்கிட்ட யாரு கண்ணு பேச வருவாங்க? முன்னெல்லாம் தொறந்தாப் போதும், நாலு பேரு தலைய உட்டு, 'கார்பரேட்டர இப்பிடியா வெப்பாங்க, அறிவிருக்குதுங்களா'ன்னு சண்டைக்கு வருவாங்க. அதுக்குத்தானுங்க வாரதே. சாயங்காலம் வரைக்கும் தொறந்து வெச்சுப் பாக்கட்டுங்களா?"

மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். சாயங்காலம் வரை ஒரு தலையும் குனியவில்லை. அவரே பேனட்டைச் சத்தமில்லாமல் மூடி, "வாரேனுங்க" என்று கிளம்பினார்.

அன்று அவரிடம் பேசியது மூடச் சொன்ன நானும், "போட்டோல விழறீங்க அங்கிள், தள்ளிக்குங்க" என்ற புதுப்பெண்ணும்தான். அதற்கு அவர் கட்டியிருந்தது மூவாயிரம் ரூபாய்.