வேம்பு வாங்கிய ஐந்து கிலோ வஞ்சிரம்

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் வேம்பு. அறுபத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். ஊரார் பாலிசியின் பொடி எழுத்தையெல்லாம் துருவித் துருவிப் படித்த மனிதர், தன் கைப்பேசியில் வருவதை மட்டும் படிக்கவே மாட்டார். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று கட்டம் தெரிந்தால் போதும், விரல் தானாகப் போய் அழுத்திவிடும். இந்தக் குணத்தோடு அவர் கைப்பேசியில் வியாபாரம் செய்யப் போனதால்தான் போன மே மாதம் அந்தச் சுத்த சைவ வீட்டு வாசலுக்கு மீன் வந்தது.

அவர் மனைவி கோமளம் மாமி வீட்டில் பாட்டு சொல்லித்தருகிறார். கூடத்தில் எட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு மின்விசிறி. முந்தைய வருஷக் கத்திரி வெயிலில் மாமி பாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். அதனால் இந்த வருஷம் ஏசி போட்டே தீருவது என்று, வகுப்புப் பணத்தில் சேர்த்த நாற்பதாயிரத்தை வேம்புவிடம் கொடுத்துவைத்தார். கொடுத்த இடம் அப்படி. வேம்பு அதைக் கொண்டுபோய் கிரிப்டோ ஃபியூச்சர்ஸில் கட்டினார்.

"ஒரு டன் ஏசி ஒன்றரை டன்னா வரும் பிரபாகர். மாமிகிட்ட மூச்சு விடாதீங்கோ" என்றார்.

பிரபாகர் நான்தான். மூச்சு விடவில்லை. அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை இருவரும் நொச்சிக்குப்பம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனோம். நான் அங்கே எஸ்தரிடம்தான் மீன் வாங்குவேன். வேம்பு பத்தடி தள்ளி நிற்பார். மூக்கைப் பொத்தாமல் நிற்பதையே பெரிய உபகாரமாக நினைப்பார். அன்று எஸ்தர் அவரை விடவில்லை.

"இன்னா சாமி, எப்பப் பாத்தாலும் போனையே நோண்டிக்கினு கீற?"

கேட்டதுதான் தாமதம், பத்தடியையும் தாண்டி வந்துவிட்டார்.

"ஈதர்னு ஒரு சமாசாரம். கண்ணுக்குத் தெரியாத காசு. வெள்ளிக்கிழமைக்கு வாங்கிக்கறேன்னு இன்னிக்கே விலை பேசிடுவேன். அன்னிக்கு விலை ஏறியிருந்தா, ஏறின வித்தியாசம் எனக்கு வரும். எறங்கியிருந்தா நான் குடுக்கணும். ஈதர் கைமாறவே மாறாது."

"அப்ப பொருளு?"

"பொருள் எதுக்கும்மா?"

எஸ்தர் என்னைப் பார்த்தார். இவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்கிற பார்வை. வேம்பு உடனே செய்முறை விளக்கத்தில் இறங்கினார்.

"வஞ்சிரம் கிலோ தொள்ளாயிரம். வெள்ளிக்கிழமைக்கு அஞ்சு கிலோ, இதே விலைக்கு நான் வாங்கியாச்சு. இந்தா, மார்ஜின், பேச்சுக்கு ஈடா" என்று ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

எஸ்தர் அதைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டு நம்பரைக் கேட்டார். பாடம் நன்றாக ஏறுகிறது என்ற பெருமையில் வேம்பு சொன்னார். அந்தக் கரையில் முன்பணம் வாங்கினால் மீன் வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். வேடிக்கை பார்க்கும் ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி. எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சரளி வரிசை சட்டென்று நின்றது. கதவைத் திறந்தேன். மாமி போட்ட கோலத்தின் மேல் ஒரு அன்னக்கூடை நிறைய வஞ்சிரம். பக்கத்தில் எஸ்தர். வாசல்படியில் மாமி. அவருக்குப் பின்னால் எட்டுப் பிள்ளைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்னா, இங்க கொஞ்சம் வரேளா?" மாமியின் குரல் மேல் ஸ்தாயியில் இருந்தது.

வேம்பு வந்து கூடையைப் பார்த்தார். "இதை எதுக்கும்மா கொண்டுவந்தே?"

"நீதானே சாமி அட்வான்ஸ் குட்த்த? மீன்பிடி தடைக்காலம், மார்க்கெட்டுல ஆயிரத்தி நூறு போவுது. ஆனா பேசினது பேசினதுதான். மிச்சம் நாலாயிரம் குடு."

"அது சும்மா உதாரணம்! கிலோவுக்கு இருநூறு ஏறியிருக்கு, அஞ்சு கிலோவுக்கு ஆயிரம். அந்த வித்தியாசத்தையும் என் ஐந்நூறையும் குடுத்துட்டு மீனை எடுத்துண்டு போயேன்."

"வித்தியாசத்த வெச்சி கொழம்பு வெக்க முடியுமா?"

எப்படித் தீர்த்தாலும் எஸ்தருக்கு நஷ்டம் அதே ஆயிரம்தான். ஆனால் வித்தியாசத்தோடு முடிந்தால் வேம்புவின் கைக்குப் பணம் வரும். பொருளே வந்தால், முழு விலையையும் எண்ணி வைத்துவிட்டு, ஐந்து கிலோ வஞ்சிரத்தை என்ன செய்வது என்று அவரே முழிக்க வேண்டும்.

"சரி, போன்ல ஒண்ணு வாங்கினியே, அது மட்டும் வூட்டுக்கு வராதா?" என்றார் எஸ்தர்.

"வராதும்மா, அது வேற மாதிரி. இரு, காட்டறேன்" என்று கைப்பேசியைத் திறந்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக அதிலிருந்த பொடி எழுத்தைப் படித்தார். முகம் வெளுத்தது.

"பிரபாகர், இது பொருளே வந்து சேர்ற ரகமாம். ஒன்றரை மணிக்குள்ள முழு விலையும் கட்டணுமாம். இல்லேன்னா மார்ஜின் அம்பேலாம்."

முன்பு இரண்டு தடவை அவர் விளையாடியது வித்தியாசத்தோடு முடியும் ரகம். இந்தத் தடவை கமிஷன் குறைவு என்று வேறு செயலியில் கட்டத்தை அழுத்தியிருக்கிறார். ஈதரின் முழு விலை இரண்டரை லட்சம். மார்ஜினாகக் கட்டியிருப்பது நாற்பதாயிரம்.

"நாப்பதாயிரமும் போயிடுமே!" என்று அலறினார்.

"எந்த நாப்பதாயிரம்?" என்று கேட்டார் மாமி.

வேம்பு கைப்பேசிக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்கு மாமியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

எஸ்தர்தான் வழி சொன்னார். "துட்டு இல்லன்னா டயம் ஆவறதுக்குள்ள வேற எவன் தலையிலயாவது கட்டு சாமி. நாங்கெல்லாம் அதான் செய்வோம்."

எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். வேம்பு வெறுங்காலோடு ஓடினார். பின்னால் மாமி, எஸ்தர், நான், எட்டுப் பிள்ளைகள். கொதிக்கிற தளத்தில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டே விற்கும் பொத்தானைத் தேடினார். பிள்ளைகள் தாளம் போட்டார்கள். ஒன்று இருபத்திரண்டுக்கு ஒப்பந்தம் கைமாறியது. ஆயிரத்து இருநூறு நஷ்டம், மிச்சம் பிழைத்தது.

கீழே வந்ததும் மீனை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"மார்க்கெட்ல ஆயிரத்து நூறு போறது பிரபாகர்" என்றார் வேம்பு, காலை ஊதிக்கொண்டே.

"அப்ப கூடையத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போங்க" என்றேன். தொள்ளாயிரத்துக்கே தந்துவிட்டார். எஸ்தருக்கு நாலாயிரம், அவருக்கு ஐந்நூறு கொடுத்தேன்.

மாமி பணம் வங்கிக்குத் திரும்பும்வரை காத்திருந்து, வேம்புவின் கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "எஸ்தர், எங்கூட தி.நகர் வரைக்கும் வரியா?" என்றார்.

அங்கே ஏசி கடைக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, டெலிவரி அடுத்த வாரம் என்றாராம். "அட்வான்ஸ் வாங்கிக்கினல்ல? அப்ப சரக்கு இன்னிக்கே வூடு வந்து சேரணும்" என்று எஸ்தர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் ஒரு குட்டி வேன் வந்து நின்றது. முன்னால் டிரைவர், மாமி, எஸ்தர். பின்னால் பெரிய அட்டைப்பெட்டி.

வேம்பு பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "எத்தனை டன்?" என்று கேட்டார்.

மாமி நிமிர்ந்து பார்த்தார். "ஆத்துக்கு வந்துடுத்தோன்னோ? அது போறும்."