கோமதி அக்கா தோற்ற தடவைகள்

கோமதி அக்கா இறந்த செய்தி எனக்கு கே.ஜி.கண்டிகை டீக்கடையில் வந்தது. திருத்தணிக் கோயிலுக்குப் போகும் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் நகராமல் நின்றதால் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி தணிகை ஆர்.கே.பேட்டையிலிருந்து போனில் பேசினார். "அக்கா போய்ட்டாங்க சார்" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே அவருடைய ஜெராக்ஸ் கடையில் காத்து நின்றவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடைக்கு மேலே மாடியில் நாங்கள் மூன்று பேர் வீடியோ கேம் செய்கிறோம். வாள் ஏந்திய ஒருவன் கோட்டை கோட்டையாகப் போய் அரக்கர்களோடு மோதிச் சாவான், எழுந்து மறுபடி மோதுவான். கஷ்டம்தான் அந்த ஆட்டத்தின் ருசி. எவ்வளவு கஷ்டம் என்று முடிவு செய்வது என் வேலை. ஆடிப் பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை.

அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஒரு நாள் பேப்பர் கட்டு கொடுக்க மேலே வந்தவர், "இங்க குடு நைனா" என்று கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். பத்து தடவை செத்துவிட்டு என்னைத் திட்டினார். "தோக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஏன் தோத்தேன்னு தெரிய வேணாமா? கைய ஓங்கறதுக்குள்ளயே அடிச்சிட்றான் உன் ஆளு. தோத்தவன் தன்னைத்தான் திட்டிக்கணும், உன்னத் திட்டக் கூடாது." அவர் சொன்னதுதான் எங்கள் தொழிலே. அரக்கன் ஆயுதத்தை ஓங்குவதற்கும் இறக்குவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஆடுபவர் உருண்டு தப்ப வேண்டும். அது குறைந்தால் அநியாயம், கூடினால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

அன்றிலிருந்து அக்காதான் எங்களுக்கு அளவு. தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவர், விரல்கள் அவ்வளவு வேகம். ஓர் அரக்கனை அவர் இருபது தடவைக்குள் ஜெயித்தால் சரி. ரொம்பச் சீக்கிரம் ஜெயித்தால் ஓங்கும் நேரத்தைக் குறைப்பேன், இருபதைத் தாண்டினால் கொஞ்சம் கூட்டுவேன். ஒரு தடவை அவர் படும் பாட்டைப் பார்த்து, சொல்லாமல் அரக்கனின் பலத்தைப் பாதியாக்கிவிட்டேன். மூன்றாவது அடியிலேயே கண்டுபிடித்தார். "பிச்சை போடறியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் ஒரு வாரம் மாடிப் பக்கமே வரவில்லை.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் அவர் தோற்கும் தடவைகள் கூடின. இருபத்தைந்து, முப்பது. தப்பு என் அரக்கனிடம் என்று நினைத்து, ஓங்கும் நேரத்தை மயிரிழை அளவு கூட்டினேன். மறுபடி இருபதுக்குள் ஜெயித்தார். அடுத்த மாதம் மறுபடி தோற்றார், மறுபடி கூட்டினேன். ஆட்டத்தில் இருக்கும் ஏழு அரக்கர்களுக்கும் இப்படியே நடந்தது. "என்னக்கா, வயசாகுதா?" என்று கிண்டல் செய்தேன். "ஆங், உனக்கு மட்டும் கொறைஞ்சிகினு போவுதா?" என்று சிரித்தார். ஆடாத நேரத்தில் வலது கையை முந்தானையில் சுற்றி வைத்திருந்தார். குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

சாவு வீட்டில் தணிகை என்னைத் தனியே அழைத்துப் போனார். "ஒரு வருஷமா கை வலுவு போய்கினே இருந்துச்சி சார். நரம்புல ஏதோ. ஊக்கு கூட என் சம்சாரம்தான் போட்டுவுடும். கடைசில மூச்சு வுடவே வலுவு இல்ல. ஆரம்பத்துலயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு எவ்ளோ கெஞ்சினேன். 'போடா, மாடில எல்லா அரக்கனையும் இருபதுக்குள்ள சாய்ச்சிட்றேன், கைக்கு ஒண்ணுமில்ல'ன்னுட்டாங்க." பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்த ஒரு எடத்துலதான் சார் எங்கக்கா சந்தோஷமா இருந்துச்சி."

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னாராம். வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கப் பயமாக இருந்தது. இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தணிகை இதைப் படித்தால் இப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இப்போது எல்லா அரக்கர்களின் ஓங்கும் நேரத்தையும் பழையபடி திருத்திவிட்டேன். ஆட்டம் அப்படித்தான் வெளியே போகும். அக்கா கடைசியாக ஆடிய மெதுவான பிரதி ஒன்றை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதைத் திறந்தால் மாடியில் என்னோடு யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது, திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசி அரக்கன் ஓங்குகிறான். நான் உருண்டு தப்பாமல் நின்று பார்க்கிறேன். எவ்வளவு நேரம் நிற்கிறது ஓங்கிய அந்தக் கை! பட்டனை அழுத்த அக்காவுக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கிறது. அத்தனையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியவன் நான். "கைக்கு என்னக்கா?" என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நேரம்தான். அது முடிந்ததும் அடி விழுகிறது, வாங்கிக்கொள்கிறேன்.