‘இல்லை’ என்று நிரப்பிய தாள்

கேட்டரிங் கல்லூரி விடுதியில் அவளுக்கு ‘மூக்குறிஞ்சி’ என்று பேர். காலையில் போர்வையை விலக்கியதும் தும்மல் ஆரம்பிக்கும். இருபது, இருபத்தைந்து என்று போய்த்தான் ஓயும். “அலாரம் அடிச்சிடுச்சு, எழுந்திரிங்கடி” என்பார்கள் பக்கத்து அறைக்காரிகள். அவள் அப்பாவும் அப்படித்தான். வீட்டின் முன்னறையே தையற்கடை. துணித்தூசி நடுவே கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருப்பார். “சொத்துதான் இல்ல, மூக்கையாவது உனக்கு எழுதி வெச்சேனே” என்று சிரிப்பார்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் ரொட்டி மாவு சலிக்கும்போது அடக்க முடியாமல் தும்மிவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தும்மினாள். ஆனாலும் பயிற்சி தரும் சமையல்காரர் அத்தனை மாவையும் அவள் கண்ணெதிரே குப்பையில் கொட்டினார்.

“இந்த மூக்க வெச்சுக்கிட்டு அடுப்படிக்கு ஏம்மா வந்த?”

மறுநாளிலிருந்து அவளுக்கு அலுவலகத்தில் காகிதம் அடுக்கும் வேலை.

இதைப் பார்த்து அரண்டுபோனவள் அவளுடைய அறைத்தோழி. அவளுக்கும் மூக்கடைப்பு உண்டு. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். மாடி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். “யார்கிட்டயும் மூச்சு விடாதடி” என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் டாக்டர் கணக்கெடுப்புக்கு வந்தார். விடுதி மாணவிகளில் எத்தனை பேருக்கு ஒவ்வாமையால் மூக்குத் தொல்லை இருக்கிறது, எதனால் வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். அலுவலகத்தில் சும்மா இருந்த மூக்குறிஞ்சிதான் தாள்களைக் கொடுத்து வாங்கினாள். காய்ச்சல் இல்லாமலே மூக்கு ஒழுகுகிறதா? கண் அரிக்கிறதா? மூச்சு இழுக்கிறதா? குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா? வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா? அறைச் சுவரில் ஈரம் இருக்கிறதா?

அறைத்தோழி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டாள்.

“ஏண்டி, சுவர் ஈரம்கூடவா இல்ல? அலமாரிக்குப் பின்னாடி கருப்பா பூத்துக் கெடக்கே!”

“உன்ன வெளிய அனுப்பின மாதிரி என்னயும் அனுப்பட்டும்ங்கறியா?”

மூக்குறிஞ்சி தாளை வாங்கி மற்ற தாள்களோடு செருகினாள்.

நூற்றிருபது பேரில் நாற்பத்தொரு பேருக்கு இருந்தது. ஈரம் கசியும் கீழ்த்தளத்தில் மட்டும் பாதிக்கு மேல். “சளின்னு விட்டுடறீங்க. இது மருந்துக்கு அடங்கும். கவனிக்காம விட்டா சில பேருக்கு இளைப்பும் சேர்ந்துக்கும்” என்றார் டாக்டர். மூக்குறிஞ்சிக்கு ஒரு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். நாற்பத்தொரு பேரையும் தூசி வேலைக்கு விட வேண்டாம் என்று வார்டனிடம் பட்டியலும் தந்தார்.

பத்து நாளில் விடுதிக்கு ஆய்வுக்குழு வருவதாகச் செய்தி. பழைய மெத்தைகள் அடைந்து கிடந்த கிடங்கை மாணவிகளே காலி செய்ய வேண்டும். வார்டன் பட்டியலைப் படித்து நாற்பத்தொரு பேரை ஒதுக்கி நிறுத்தினார். அறைத்தோழி துடைப்பத்தை எடுத்தாள்.

“போகாதடி.”

“போகலன்னா ஏன்னு கேப்பாங்க.”

அரைமணி நேரத்தில் அவள் கிடங்கு வாசலில் முட்டியைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள். வண்டி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சேதான் அந்தத் தாள வாங்கி வெச்சேன்” என்று மூக்குறிஞ்சி டாக்டரிடம் அழுதாள்.

“பட்டியல்ல இல்லாதவங்களப் பத்தி நானும் யோசிக்கல” என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து தோழியின் அம்மா பெட்டியை எடுத்துப்போக வந்தார். “சளிக்கெல்லாம் யாராவது சாவாங்களா கண்ணு?” என்று கேட்டார். மூக்குறிஞ்சி நின்றபடியே அத்தனையையும் சொன்னாள். அந்த அம்மா மகளின் உடுப்புகளை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“சின்னதுலேருந்தே அவளுக்கு இழுக்கும். வெளிய தெரிஞ்சா வேலை தர மாட்டாங்கன்னு நான்தான் வாயத் தொறக்காதன்னேன்.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை வாசல்வரை தூக்கிப் போனார்கள்.

இரண்டு மாதத்தில் மூக்குறிஞ்சிக்குத் தும்மல் அடங்கியது. சமையல்காரரே கூப்பிட்டுவிட்டார். அவளும் போனாள், படிப்பை முடித்தாள், இன்று ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். அவளும் தோழியும் இருந்த கீழ்த்தளத்து அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அடுத்த வருஷமே புதிதாக வந்த இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார்கள்.